ஒரு சாண் இறக்குக

கேப்பர் மலை அடிவாரத்தில்
முந்திரி வேர்களைத் தோண்டியெடுத்த மனையில்
பூங்கா வரைபடத்தை விரிக்கிறேன்.
பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் செம்மண் கட்டி.

மரத்துக்கு ஒரு பச்சை வட்டம்.
குழி மூன்றடிக்கு மூன்றடி என்கிறது தாள்;
என் டேப் ஒன்றேமுக்காலில் நிற்கிறது.
"கீழ பாறை மேடம்" என்கிறார் கலியவரதன்,
பாறையைப் பார்க்காமலே.

புல்தரை சாலையைவிட அரையடி உயரம்.
ரோட்டிலிருந்து பார்த்தால் எடுப்பாகத் தெரியுமாம்.
சிவப்பு மையில் எழுதினேன்:
ஒரு சாண் இறக்குக.
மலைத்தண்ணீர் தங்கிப் போகட்டும்.
எத்தனை லோடு மண் என்று
அவர் உதடு எண்ணியது.

ஐப்பசி. அடைமழையின் மூன்றாம் இரவு.
"பார்க்குல தண்ணி நிக்குது மேடம்,
பிளாட் வாங்கினவங்க சண்டைக்கு வர்றாங்க."
நிக்கட்டும், விடியறதுக்குள்ள இறங்கிடும் என்றேன்.
விடிவதற்குள் நானே போய் நின்றேன்.

பாதிதான் இறங்கியிருந்தது.
சொட்டுநீர்க் குழாய்கள் சாரைகளாய் மிதந்தன.
சரியாக ஆறு மணிக்கு
கொட்டும் மழைக்குள்
தெளிப்பான்கள் தலைதூக்கிச்
சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளித்தன.

மழை உணரி, எண்ணிக்கை ஒன்று:
செலவு கூடுகிறதென்று
மதிப்பீட்டில்
நான் அடித்துவிட்ட வரி.