ஆறும் திகதி

சுற்றறிக்கையின் தமிழ்ப் பிரதியில்
மேல்விளிம்பு போட்டோக்கொப்பியில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.
எங்கள் கைக்கு வந்தது இவ்வளவுதான்:
'எரிந்து தீர்ந்த எரிபொருள் பற்றிய தரவுத் திரட்டு.
பூச்சியமெனின் பூச்சியமென எழுதுக.
வெற்றிடம் ஏற்கப்படமாட்டாது.'

சம்மாந்துறையில் எரிந்து தீர்ந்தது எது?
பிரதேச செயலகத்தில் ஒரு முழுக் காலை யோசித்தோம்.
பேக்கரி விறகு என்றார் ஒருவர்.
பெற்றோல் செட்டில் கேட்டுப் பாருங்கள் என்றார் பறக்கத்துல்லா.
கடைசியில் என்னை
நெல் மில்லுக்கு அனுப்பினார்கள்.

உதுமாலெவ்வை மில்லின் பின்புறம்
உமிச்சாம்பல்
யானை படுத்த உயரம்.
மேலே கொக்கு நடந்த தடம்.

பேனையைத் திறந்தேன்.

நிரல் ஒன்று: ஒவ்வொன்றினதும் அடையாள இலக்கம்.
"உமிக்கு நம்பர் போட்டா
நெல்லுக்கு யாரு போடுற, புள்ள?"

நிரல் நான்கு: உலையிலிருந்து வெளியேற்றிய திகதி.
"பெரும்போகம் முடிஞ்ச கையோட துவங்கின.
அடியில கிடக்கிறது போன வருசத்துது.
அதுக்கும் அடியில
வாப்பாட காலத்துது இரிக்கும்."

நிரல் ஆறு: உறை சேதமுற்றவை.
எனக்கே விளங்கவில்லை.
உமியே உறைதானே என்று எழுதி, வெட்டினேன்.

நிரல் ஒன்பது: தற்போதைய வெப்பம்.
அவர் பதில் சொல்லவில்லை.
இரும்புக் கம்பியொன்றைக் குவியலுக்குள்
முழங்கை ஆழம் இறக்கினார்.
தேத்தண்ணி குடித்து முடியும்வரை பேசாமல் நின்றார்.
கம்பியை இழுத்து, கோப்பையில் மிஞ்சிய ரெண்டு சொட்டை
நுனியில் விட்டார்.
சீறியது.
"எரிஞ்சு தீர்ந்ததெண்டு இந்தக் கடதாசி எழுதின ஆளு
இதுக்குள்ள ஒருக்கா கால வெச்சிப் பாக்கட்டும்."

பிறகுதான் கன்றின் கதை.
மழை பெய்து மேல் இறுகியிருந்த நாள்
பக்கத்து வளவுத் தில்லையம்மாவின் சிவலைக் கன்று
தரையென்று நினைத்து ஏறியது.
முன்கால் இரண்டும், முட்டுவரை.
மில் மோட்டர் சத்தத்துக்கு மேலால் கேட்டதாம்.
காசு கொடுத்தாராம். வாங்கினாளாம்.
வேலியொன்று அடியுங்கோ என்றாளாம்.
வேலி எங்கே என்று நான் கேட்கவில்லை.
அவர் நெல் காயும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிரல் பதினொன்று: ஆறும் திகதி.
பன்னிரண்டு: அதுவரை பொறுப்பாளர்.
பதின்மூன்று: அவருக்குப் பிறகு பொறுப்பாளர்.
பதின்நான்கு: அவருக்குப் பிறகு.
அடுத்த தாளிலும் அதே கேள்வி.
எந்த மில்லுக்கு இத்தனை வாரிசு வேண்டும் என்று
அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மகன் கட்டாரில்.
மருமகனுக்கு மில் தூசு ஒத்துக்கொள்ளாது.
"அல்லாஹ்தான் அறிவான்" என்றார்.
அடையாள அட்டை இலக்கம் கேட்ட கட்டங்களை
வெறுமையாகவே விட்டேன்.

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து தொலைபேசி.
சிரிப்பை அடக்கிய ஒரு குரல்:
மேலே ஒரு சொல் விடுபட்டிருக்கிறது, மிஸ்.
அணு.
அணு உலையில் எரித்து எடுத்ததைத்தான் கேட்டோம்.
உலையே நம்மிடம் இல்லை. எல்லா மாவட்டமும் பூச்சியம்.
எல்லாத் தாளிலும் பூச்சியம் போட்டு அனுப்புங்கள்.

போட்டேன்.
கை பழகியபின் வட்டங்கள்
அழகாகவே வந்தன.

உலை உள்ள ஏதோ ஒரு ஊரில்
என்னைப்போல் ஒருத்தி
இதே தாளைப் பூச்சியமில்லாமல் நிரப்பிக்கொண்டிருப்பாள்.
பதின்மூன்றாம் நிரலில் யாரை எழுதுவாள்?
நாற்பதாம் தாளில்
யாருடைய பேரனின் பேரனுக்கு
எந்த மொழியில் பெயர் வைப்பாள்?
அவன் கால் வைக்கும் இடம்
அப்போதும் தரை மாதிரித்தானே இருக்கும்.

உதுமாலெவ்வையின் தாள் என் லாச்சியில் கிடக்கிறது.
'குறிப்பு' என்ற இடத்தில்
தில்லையம்மா, சிவலை, முட்டுவரை
என்று என் கையெழுத்து.
அனுப்பவும் முடியாது, கிழிக்கவும் மனமில்லை.

மூன்று நாள் மழை விட்ட பின்னேரம்
மில் பக்கமாக வீட்டுக்குப் போனேன்.
குவியலைச் சுற்றி நாலு கம்பு நட்டிருந்தது.
கம்பி இன்னும் கட்டவில்லை.
நடுவில்
ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.