ஒன்றன்பால்

மாயேபூர் காயலோரம், தகரக் கூரைக்கு அடியில்
பதினாறு தொட்டிகள்.
வெள்ளை அட்டைகள் மணலைத் தின்று
மணலையே கழிக்கின்றன.
எது முன், எது பின் என்பதே பெரும்பாடு. இதில்
எது ஆண், எது பெண் என்று நான் சொல்ல வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

முன்பெல்லாம் வயிற்றைக் கீறிப் பார்த்தோம்.
விடை கிடைக்கும், அட்டை மிஞ்சாது.
இப்போது குழாய்க்கால் நுனியில் ஒரு கிள்ளல்,
பாதி மிளகளவு.
கரைத்து, சூடாக்கி, ஆற்றி, மறுபடி சூடாக்கி
முப்பத்தைந்து சுற்று.
ஜெல்லில் இரண்டு கோடு தெரிந்தால் ஆண்,
ஒன்றே என்றால் பெண்.
கையேட்டுக்குச் சந்தேகமே கிடையாது.

படிவத்தில் இரண்டு கட்டம்.
பிரெஞ்சுக்காரனுக்குக் கடல் வெள்ளரி எப்போதும் ஆண்பால்.
மாக்ஸிமின் க்ரியோலில் 'லி' என்பான்:
அவனும் லி, அவளும் லி,
கிழிந்த வலையும் லி.
என் தமிழ் அவனுக்கு மேல்.
அஃறிணை, ஒன்றன்பால், அட்டை ஊர்ந்தது. அவ்வளவுதான்.
தொல்லையே இல்லாமல் இருந்தோம்.

நாற்பத்தொன்றாம் எண், ஒற்றைக் கோடு.
பெண் என்று எழுதிக் கையெழுத்திட்டுப்
பெண்கள் தொட்டியில் விட்டேன்.

டிசம்பர் அமாவாசைக்குத் தண்ணீரை ஐந்து டிகிரி ஏற்றினோம்.
ஒன்பது மணிக்கு மேல்
நாற்பத்தொன்று எழுந்து நின்றது,
யாரோ கூப்பிட்ட மாதிரி தலையை இடமும் வலமும் ஆட்டி
வெள்ளை நூலாக விட ஆரம்பித்தது.
விட்டது, விட்டது,
தொட்டியே கழுநீர் மாதிரி ஆகும்வரை.
மாக்ஸிமின் சிரிப்பு தாங்காமல்
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தான்.
"போய் வாழ்த்து சொல்லு, உன் பெண்ணுக்கு."

அந்தக் குறியை வேறொரு கடலின் அட்டையில் கண்டுபிடித்திருந்தார்கள்.
இங்கே அதே இடத்தில் ஓர் எழுத்து வேறு.
ஒட்ட வேண்டியது ஒட்டவில்லை.
இரண்டாம் கோடு உள்ளேதான் இருக்கிறது,
படிக்க ஆளில்லாமல்.

என் சட்டைப்பையில் செலம்ப்ரோம் என்று தைத்திருக்கிறது.
கப்பலில் ஏறியவர் சிதம்பரம்.
துறைமுக எழுத்தர் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார்,
நாங்களும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டோம்.

பெண் என்று நான் எழுதிய இருபத்தாறும்
இனி மறுபடி முதலிலிருந்து.
புதுக் குறி வந்து சேர மூன்று வாரம்.
அதுவரை டார்ச்சும் பொறுமையும்.

ஆனால் அன்றிரவு, அதே கலங்கலில்,
பன்னிரண்டாம் எண் முட்டையைப் பீய்ச்சிவிட்டது.
நள்ளிரவில் நுண்ணோக்கியில் பார்த்தேன்:
இரண்டாய், நான்காய்ப் பிளந்துகொண்டிருந்தன,
கணக்கில் வராத குஞ்சுகள்.
தகப்பன் என்ற கட்டத்தில் 41 என்று எழுதி
அடித்தேன்.
பிறகு அதன்மேலேயே எழுதினேன்.