மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு

ஜெபல் அலியில்
மீனைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை.
கண்டெய்னர் கதவு திறந்ததும்
முதலில் மூக்கு, பிறகு தெர்மாமீட்டர்,
காகிதமெல்லாம் கடைசியில்.

ஒரு வஞ்சிரத்தைத் தட்டில் உருகவிட்டால்
அதுவே வாக்குமூலம் கொடுத்துவிடும்.
மெல்ல உறைந்த மீனுக்குள்
தண்ணீர் ஊசி ஊசியாக வளர்ந்து
ஒவ்வொரு அறைச் சுவரையும் குத்தியிருக்கும்.
உருகும்போது தட்டில் தேங்கும்
இளஞ்சிவப்பாய் ஒரு ஒழுக்கு.
அதை அளப்பேன்.
நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் சிவப்பு முத்திரை.

ஆகவே முப்பத்து நான்கு வயதில்,
அருள்வளனுக்கு ரிக்கில் வேலை போய்
என் ஒற்றை விசாவில் இருவரும் தொங்கிய அந்த வருடத்தில்,
ஷார்ஜா கிளினிக்கில் ஷெர்லின்
"முட்டையை உறைய வச்சிடலாங்க்கா" என்றபோது
வலிக்குமா என்று கேட்கவில்லை.
"ஒழுக்கு எவ்வளவு?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
என் பில்லைத் திருப்பிப் போட்டு வட்டம் வரைந்தாள்.
உடம்பிலேயே பெரிய செல் இது,
உள்ளே முழுக்கத் தண்ணீர்,
தண்ணீர்தான் வம்பு.
காப்புத் திரவம் உள்ளே போகும்;
சர்க்கரை வெளியே நின்று
மிச்சத் தண்ணீரை இழுக்கும்.
காய்ந்த திராட்சையாய்ச் சுருங்கிய கணமே
நைட்ரஜனில் முக்குவார்கள்.
படிகம் கட்ட நேரமே கொடுப்பதில்லை.
"ஐஸ் ஆகாதுக்கா. கண்ணாடி ஆயிடும்."

வட்டத்துக்குள் சில கோடுகள் கிழித்தாள்.
குரோமோசோம்களைப் பிடித்து நிற்கும் இழைகள்.
குளிரில் அவிழும்,
சூடு கண்டால் மறுபடி கட்டிக்கொள்ளும்.
"அதே இடத்திலா?"
"பெரும்பாலும்."

பெரும்பாலும்.
அறிக்கைகளில் நானும் எழுதுகிற சொல்.
எழுதும்போது அதன் எடை தெரிந்ததில்லை.

பிறகு பிப்ரவரிதோறும்
வாடகை கட்டச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி.
பதினொரு முட்டைகள், ஆறு வருடம்.
ஒருமுறை தொட்டியின் வெப்பநிலை வரைபடம் கேட்டேன்.
கேட்ட முதல் ஆள் நீங்கதான் என்று அனுப்பினாள்:
ஏற்ற இறக்கமே இல்லாத ஒரே கோடு.
ஆஸ்பத்திரித் திரையில் அப்படிக் கோடு வந்தால் அலறுவார்கள்.
நான் அதைப் பார்த்துவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்டில், நாற்பத்தாறு டிகிரியில்,
ஒரு இறால் லோடை மடக்கினேன்.
நடுவில் மூன்று மணி நேரம் மைனஸ் ஒன்பதுக்கு ஏறியிருந்தது.
"மூணு மணி நேரந்தானே மேடம்" என்று
ஜஸீல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான்.
போன் அடித்தது.

பதினொன்றில் ஒன்பது பிழைத்தன.
ஒன்று கறுத்துக் கசிந்துவிட்டது,
ஒன்று சுருங்கியது சுருங்கியபடி,
தண்ணீர் திரும்பி வந்தும் நிமிரவில்லை.
ஏன் என்றேன், சப்ளையரிடம் கேட்கிற குரலில்.
தெரியலைக்கா என்றாள்.
அந்தப் பதிலை நான் யாரிடமும் ஏற்றதில்லை.

மேலோடு இறுகியிருந்ததால்
விந்தை ஊசியால்தான் உள்ளே விட்டார்களாம்.
ஏழு கருவாயின.
மூன்றாம் நாள் ஐந்து.
ஐந்தாம் நாள் இரண்டு.
இந்தக் குறைவில் குளிரின் பங்கு எவ்வளவு,
உறையாமலே இருந்தாலும் குறைந்திருப்பது எவ்வளவு?
"பிரிச்சுச் சொல்ல முடியாது."
அருள்வளன் என் கையை எடுத்துத்
தன் மடியில் வைத்துக்கொண்டான்.
அவன் விரல்கள்தான் சில்லிட்டிருந்தன.

கருவுக்கும் தரம் போடுகிறார்கள்,
எங்களைப் போலவே, எழுத்தில்.
முதலாவதற்கு பி.
இரண்டாவது ஒரு நாள் பின்தங்கி,
ஓரம் கொஞ்சம் கலைந்து,
சி.

எத்தனை சி-களைத்
துறைமுகத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்,
பெட்டிக்குள் என்ன என்றுகூட
இரண்டாம் முறை பார்க்காமல்.

ஷெர்லின் பேனாவோடு காத்திருந்தாள்.
ஒன்றா, இரண்டுமா?

அதையும் சேர்த்து வை என்றேன்.