யெல் தீவுக்குக் கடைசிப் படகு

கச்சேரி முடிந்து கடைசிப் படகில் ஆறு கார்.
யாரும் காருக்குள் உட்காரவில்லை.

கரண்ட் போனதே, அதுதான் கச்சேரி என்கிறாள் ஆஸ்லா.
அதற்கு முன் நடந்ததெல்லாம்
கிடார்க்காரனின் சட்டையும் புகையும்.

கிப்பி ஒப்புக்கொள்ளவில்லை.
டிரம்ஸ் அதிர்ந்த அதிர்வில்
விலா எலும்புகளை ஒவ்வொன்றாய் எண்ணிவிட்டானாம்.
"பன்னிரண்டு ஜோடி. கணக்கு சரி."

மைக் செத்ததும் அந்தப் பிடில்காரி
மேடையைவிட்டு இறங்கி
இருட்டுக்குள் வாசித்தபடியே நடந்தாள்.
என் பக்கத்தில்தான் நின்றாள் என்கிறாள் ஆஸ்லா.
இல்லை, கதவோரம், என் பக்கத்தில்.
பீருக்கு வரிசையில் நின்ற லவ்ரிக்கும்
அவள் முழங்கை இடித்த இடம்
தோளில் இன்னும் சுடுகிறது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு வரிகளுக்கு நடுவே அவள் மூக்குறிஞ்சியது
எனக்கு மட்டும்தான் கேட்டது.

கயிறு சுற்றிக்கொண்டிருந்த ராஸ்மி,
எல்லாக் கச்சேரிக்கும் இரவுப் பணியில் இருப்பவன்,
"என்ன மெட்டு அது?" என்றான்.

மூன்று பேர் முணுமுணுத்தார்கள்.
மூன்று மெட்டு.
அதிலும் பாதியைக் காற்று கடலுக்குக் கொடுத்தது.
அவன் தலையாட்டினான், கேட்டுவிட்டவன் போல.

கரை விளக்குகள் தெரிந்தபோது ஆஸ்லா
தன் கம்பளிச் சட்டையிலிருந்து
நீளமாய் ஒரு வெள்ளை முடியை எடுத்தாள்.
வில்லிலிருந்து அறுந்தது, பாருங்கள்.
"அது என் குதிரையுடையது," என்றான் கிப்பி,
"காலையில் நீதானே வைக்கோல் போட்டாய்."

படகின் கதவு இறங்கியது.
ஆறு இன்ஜின்களும் உறுமின.
அவள் அதை டிக்கெட்டின் பாதியில் சுற்றிப்
பர்ஸில் வைத்துக்கொண்டாள்.