எயார் எடுத்தல்

வீடு ஜெசிந்தாவுக்கு எழுதியாச்சு,
கிணறும் மதிலும் இரண்டு தென்னையும் சேர்த்து.
எனக்கு லோஞ்ச்.
முப்பத்திரண்டு அடி, நாலு சிலிண்டர்,
ஒரு படுக்கைப் பலகை, ஓர் அடுப்பு,
மழை வந்தால் இரண்டு வாளி.
ஊர்காவற்றுறையில் கயிறு கட்டி
மூன்று வருசம்.
கடிதம் வந்தால் தபால்காரர்
கரையில் நின்று மணியடிப்பார்.

தலையிடியும் மூன்று வருசம்.
விடியப்புறம் வலப்பக்கம் தொடங்கும்,
பத்து மணிக்கு விடும்.
டொக்டர் கண்ணைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார்,
"ஏதும் யோசினையோ?" என்றார்.
உறுதி முடித்த திகதியைச் சொன்னேன்.

போன செவ்வாய்
எழுவைதீவுக்கு அரைவழியில்
எஞ்சின் இருமியது. இருமி நின்றது.
டாங்கியில் முக்கால்வாசி எண்ணெய்.
எண்ணெய் இருக்க நிற்கிற எஞ்சின்
எங்கேயோ காற்றைக் குடிக்கிறது.

பொனிப்பாஸ் வந்து,
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அரைமணித்தியாலம் குனிந்து கிடந்தான்.
"லைன் முழுக்க மாத்து.
ஒண்டை மாத்தினா மற்றது கோவிக்கும்."

ஸ்டான்லி வீதிக் கடையில்
"எத்தினை அடி அண்ணை?"
நான் கயிற்றை நீட்டினேன்.
டாங்கியிலிருந்து பில்டருக்கு ஒரு முடிச்சு,
பில்டரிலிருந்து பம்புக்கு ஒரு முடிச்சு,
திரும்பி வருகிற லைனுக்கு மூன்றாவது.
"செபமாலையோ?" என்று பெடியன் சிரித்தான்.
சிரித்தபடியே கிளிப் விலையை ஏற்றினான்.

பழைய குழாய் வளையவில்லை.
ஒடியல் மாதிரி முறிந்தது.
பம்புக்குப் போகிற முனையில்
நகம் நுழைகிற வெடிப்பு.
"இதுதான் குடிகாரன்" என்றான் பொனிப்பாஸ்.
புதியதின் வாயைப் பழையதின் வாலில் கட்டி
நான் இங்கிருந்து தள்ள
அவன் அங்கிருந்து இழுத்தான்.

திரும்பி வருகிற லைன் மட்டும்
வரமாட்டேன் என்றது.
படுக்கைப் பலகையைக் கழற்றினோம்.

பலகைக்குப் பின்னால், தலையணைக்கு நேரே,
ஓர் ஆணியின் கூர்
குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
லோஞ்ச் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும்
ஒரு தேய்ப்பு.
அந்த இடத்தில் டீசல்
வேர்வைபோலக் கசிந்து
மெத்தையின் மூலை கறுத்துக் கிடந்தது.

பொனிப்பாஸ் அளந்தான்:
"உன்ர காதுக்கு ஒரு சாண்."
விரலை மோந்தான்.
"இதுக்கையோ படுத்தனீ?"

என் மூக்குக்கு அது
எப்போதோ மணக்காமல் போய்விட்டது.
ஆணி நான் அடித்தது.
உறுதியின் கொப்பியை
பொலித்தீன் பையில் போட்டுத் தொங்கவிட.

அதைச் சொல்லவில்லை.
குறட்டால் பிடுங்கிக் கடலில் போட்டேன்.

பிறகு எயார் எடுத்தோம்.
ஸ்க்ரூவை அரைச்சுற்று இளக்கி
கைப்பம்பைப் பெருவிரலால் அமுக்க அமுக்க
முதலில் நுரை,
பிறகு துப்பல்,
பிறகு எண்ணெயும் குமிழியும்.
நகம் நொந்து நான் நிறுத்தினேன்.
"இன்னும்."
எண்ணெய் கம்பியாய் வந்தது.
"இன்னும். கடைசிக் குமிழிதான்
நடுக்கடலிலை நிப்பாட்டும்."

மூன்றாம் உதையில் எடுத்துக்கொண்டது.
நேவிக் காவலரண் பெடியன்
ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப்
போனுக்குள் போனான்.

மெத்தையை எறிந்தேன்.
பலகையைச் சவுக்காரத்தூளால் இரண்டுதரம் கழுவி
வெறும் பலகையில் படுத்தேன்.
விடிந்தது.
எழும்பி உட்கார்ந்து
தலையிடிக்குக் காத்திருந்தேன்,
பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி,
பத்து மணிவரை.

ஜெசிந்தாவுக்குப் போன் எடுத்தேன்.
"லைன் மாத்திப்போட்டன்."
"பழைய நம்பர்தானே விழுது?"
"எண்ணெய் லைன்.
தலையிடி இல்லை இப்ப."
"உனக்குத் தலையிடி எண்டதே
எனக்குத் தெரியாது" என்றாள்.

அந்தப் பக்கம் வாளி நிரம்புகிற சத்தம்.
என் கிணறு. அவளுடைய கிணறு.

"மிச்சக் குழாய் கிடக்கோ?
மோட்டரடியிலை ஒழுகுது."

"இரண்டடி கிடக்கு" என்றேன்.
வைத்தபிறகு அளந்து பார்த்தேன்.
இரண்டடி, ஒரு சாண்.