மனை எண் 47

பள்ளத்தூர் தாண்டி
செம்புரான் மேட்டில் இறங்கிக்கொண்டேன்.
நுழைவுச் சீட்டு பத்து ரூபாய்.
கிழித்துத் தந்த ராக்காயிக்கு
என்னை அடையாளம் தெரியவில்லை.

அன்று அவள்
புல்டோசர் முன்னால் சோற்றுச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.
நான் காருக்குள்,
முன்பணம் கட்டிய ரசீதோடு, ஏசியில்.

ஒன்பது வருஷ வாய்தா.
வீட்டுக்கு நூறு என்று வரி போட்டு
வக்கீலுக்குக் கொடுத்தார்களாம்.
சைக்கிள்கடை அருளப்பன் கூண்டில் ஏறி
அறுபத்திரண்டு செடிகளின் பெயரை
மூச்சு விடாமல் ஒப்பித்தானாம்.
நீதிபதி தண்ணீர் குடித்தாராம்.

வீரை, உசிலை, காரை...
மரத்துக்கு மரம் பலகை.
சூரையில் மட்டும் எழுத்துப் பிழை.

என் மனையைத் தேடினேன்.
கிழக்குப் பார்த்த மூலை மனை.
சங்கம் புதருக்குள்
மஞ்சள் பெயின்ட் உரிந்த கல்: 47.
அதன்மேல் ஓர் ஓணான்
தலையாட்டிக்கொண்டிருந்தது,
பத்திரம் தன் பெயரில் இருப்பதுபோல.

கூடம் வரவேண்டிய இடத்தில்
கொஞ்ச நேரம் நின்றேன்.
செருப்பைத் துளைத்து முள் ஏறியது.

நொண்டியபடி திரும்புகையில்
ராக்காயி கேட்டாள்:
"மயில் பாத்தீகளா?"

"ஓணான் பார்த்தேன்" என்றேன்.

"அது எங்கிட்டும்தான் கிடக்கு" என்றாள்,
முள் எடுக்க
ஊக்கைக் கழற்றித் தந்தபடி.