இரண்டு மில்லிமீட்டர் தள்ளி

விளிம்புக்கு ஒரு உலோகம் வேண்டும்,
நெருப்புக்கு முகம் கொடுத்து அசராமல் நிற்க.
நடுவட்டுக்கு வேறொன்று,
நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றில்
பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும் எடையை
விடாமல் இழுத்துப் பிடிக்க.
இரண்டு குணமும் சேர்ந்து வாய்த்த ஒன்றை
இதுவரை எந்த உலையும் எங்களுக்குப் பெற்றுத் தரவில்லை.
ஆகவே கப்பலூரில்,
டோல்கேட் லாரிகளின் ஹாரன் கேட்கும் தூரத்தில்,
தகரக் கூரைக்குக் கீழே
ஒட்டுகிறோம்.

உருக்குவதில்லை.
உருகினால் இரண்டும் கலந்து
தட்டினால் நொறுங்கும் மூன்றாவது ஒன்றாகிவிடும்.
நடுவட்டைச் சுழலவிடு.
விளிம்பை அசையாமல் இறுக்கு.
முட்டவிடு.
ஜக்கையன் பொத்தானை அமுக்கியதும்
பளுச்சக்கரம் தன் வேகம் முழுவதையும்
ஒரு வளையத்தில் கொட்டித் தீர்க்கும்.
எட்டு விநாடி.
சிவந்து குழைந்து
இரண்டு பக்கத்து அழுக்கும் வெளியே பிதுங்கி
கிடாய்க் கொம்பாய்ச் சுருண்டு நிற்கும்.

"கல்யாணம் முடிஞ்சுது" என்பான், ஒவ்வொரு முறையும்.
பதினெட்டு முறை பொறுத்துவிட்டுக் கேட்டேன்:
எந்த ஊர்க் கல்யாணத்தில்
ஒருத்தர் மட்டும் சுற்றிச் சுற்றி வர
இன்னொருத்தர் ஆணியடித்தாற்போல் நிற்கிறார்?
"எங்க வீட்ல" என்றான்.

கொம்பைக் கடைந்து எடுத்துவிட்டால்
சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாது.
நகத்தால் தேடினாலும் சிக்காது.
பெனாசிர் ஒரு துண்டு அறுத்து
முகம் தெரியும்வரை மெருகேற்றி
அமிலத்தில் தோய்ப்பாள்.
ஒரு பக்கம் உடனே கறுக்கும்.
மறுபக்கம் யோசிக்கும்.
நடுவில், யானைக்கல் பாலத்துத் தூணில்
வைகை வடிந்த பிறகு நிற்கும் கறை போல
ஒரு கோடு.
அந்தக் கோட்டுக்குத்தான்
மாதம் தவறாமல் எனக்குச் சம்பளம்.

பத்தொன்பதாவது தட்டைக் குழிக்குள் இறக்கினோம்.
காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புக் குழி.
இருபத்தோராயிரம் சுற்று தாங்க வேண்டும்.
பத்தொன்பதாயிரத்து நானூறில்
தரைக்குள் யாரோ ஒரே ஒரு முறை இருமினார்கள்.
மேசையில் பருத்திப்பால் தம்ளர் நகர்ந்தது.
எல்லோரும் ஜக்கையனைப் பார்த்தார்கள்.
அவன் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தான்.

விடியும்வரை பொறுக்கினோம்.
பழைய செய்தித்தாளை விரித்து
பதினான்கு துண்டுகளைப் பொருத்திப் பார்த்தேன்.
பூதக்கண்ணாடி. டார்ச்.
கோட்டில் உடையவில்லை.

கோடு அப்படியே இருந்தது,
இந்தப் பக்கத்துச் சதையும்
அந்தப் பக்கத்துச் சதையும் பற்றியபடி.
உடைந்தது இரண்டு மில்லிமீட்டர் தள்ளி.
சூடு தொட்டுவிட்டுப் போன இடம்.
சேர்ந்த இடமும் அல்ல, சேராத இடமும் அல்ல.
அங்கே நெஞ்சுரம் கரைந்து போயிருந்தது,
யாரும் அங்கே பார்க்கவில்லை,
நானும்.

ஊறவைத்த சூடுதான் காரணமாக இருக்கும்.
ஒன்று எழுநூற்று அறுபது பாகையில் தேறிவிடும்,
மற்றது எண்ணூறு கேட்கும்.
நடுவில் ஒன்றைப் போட்டோம்.
இரண்டுக்கும் அரைவயிறு.

முதலாளி கோதண்டபாணி படிவத்தை நீட்டினார்.
இணைப்பு: சரி. இணைப்பு: தவறு.
இரண்டே கட்டம்.
அவசரமாக அனுப்ப வேண்டும் என்றார்.
பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி
ஓரத்தில் எழுதினேன்:
இணைப்பு சரி. பக்கத்தில் பார்க்கவும்.

மறுநாள் இரவு இருபதாவது.
எட்டு விநாடி.
தாழப் பறந்து ஒரு விமானம்
பெருங்குடிப் பக்கம் இறங்கியது,
தகரம் அதிர்ந்து அடங்கியது.
கொம்பு சிவப்பிலிருந்து கறுப்புக்கு வரும்வரை
ஜக்கையன் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு கேட்டான்:
"அந்த ரெண்டு மில்லி...
சுத்துன பக்கமா, நின்ன பக்கமா?"

நின்ன பக்கம் என்றேன்.

கையுறையைக் கழற்றி மடித்தான்.
மடித்ததைப் பிரித்து
மறுபடி மாட்டிக்கொண்டான்.